கிரிசகியின் வலது முழங்கால்

– அறுந்திருந்தா அறுந்திருக்கட்டும் மினெகிஷி டாக்டரம்மா. இறுக்கிக் கட்டிவிடுங்க. ஞாயித்துக்கிழமை அவன் ரியோகோகு சுமோ அரங்கத்துல இறங்கணும்.

– வாத்தியாரே, கிரிசகி நூத்தி அறுபத்தெட்டு கிலோ. முன்பக்கத்து லிகமெண்ட் முழுசா போயிருச்சு. இனி முட்டி நழுவுற ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கிற ஜவ்வுதான் நசுங்கும்.

– எந்த ஜவ்வு?

– ரெண்டு எலும்புக்கும் நடுவுல பிறை மாதிரி ரெண்டு மெத்தை. படத்துல பாருங்க, இன்னும் பழுதில்ல. இந்த எடையோட நாளைத் தள்ளிப்போட்டா கிழியும். உள்பக்கத்துது சீக்கிரமே கிழியும்.

– சுமோவுல இதெல்லாம் சகஜம்மா. அறுவைன்னா ஒன்பது மாசம். நாலஞ்சு போட்டி போச்சு. தரவரிசைப் பட்டியல்ல கீழ கீழ சறுக்கி, பெரிய வீரனாப் பட்டுக் கச்சை கட்டினவன் மறுபடி சின்னப் பசங்களோட குண்டான் கழுவணும். என் பயிற்சிக் கூடத்துல மேல வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

– சரி, இந்த இன்னொரு படத்தையும் பாருங்க.

– அடப்பாவமே, கந்தலா கிடக்கு. யாருது?

– உங்க கூடத்துப் பையனோடதுதான். பதினாலு வருஷம் ஆச்சு. அவனுக்கும் மொதல்ல லிகமெண்ட் மட்டும்தான் அறுந்துச்சு. ‘கட்டிக்கிட்டு இறங்குடா’ன்னு நாலு போட்டி இறக்குனீங்க.

– ஓகிஹாராவா? அவன் தொடைநடுங்கி. பாதியில ஓடிட்டான்.

– ஓடுறதுக்குக் கால் எங்க இருந்துச்சு? அப்பா சாவுல மண்டி போட முடியாம, எல்லாருக்கும் பின்னால மடக்கு நாற்காலியில கூனிக்குறுகி உக்காந்திருந்தான். மினெகிஷிங்கிறது என் வீட்டுக்காரர் பேரு. ஓகிஹாரா என் அண்ணன்.

– ஓ. அப்ப பழி தீர்க்கிறீங்க.

– ஆமா. பதினாலு வருஷமா உங்க மூஞ்சிய இந்த நாற்காலியில பாக்கணும்னு இருந்தேன்.

– உங்க கை என் பையன் மேல படவே வேணாம். இந்த ஊர்ல வேற டாக்டரா இல்ல? எந்த ரூம்ல இருக்கான்? கூட்டிட்டுப் போறேன்.

– என் கை படாது. ஆபரேஷனைப் பெரிய டாக்டர்தான் பண்றார்.

– நான் சம்மதிக்காம எவன் பண்ணுவான்?

– கிரிசகிக்கு இருபத்தஞ்சு வயசு. காலையில அவனே கையெழுத்துப் போட்டான். ‘வாத்தியார் முன்னால எனக்கு வாய் வராது, அவரைக் கொஞ்ச நேரம் பேச்சுல பிடிச்சு வைங்க’ன்னு கெஞ்சினான்.

– என்னம்மா சொல்றீங்க?

– நீங்க இங்க வந்து உக்காரும்போதே அவனுக்கு மயக்க ஊசி போட்டாச்சு, வாத்தியாரே.