ஆறட்டும்

பல் டாக்டரின் பழைய காரில் ஒரு சின்னக் குறை இருந்தது. பிரேக் மிதி சில நாட்களில், சில நேரங்களில், காலுக்கு அடியில் பஞ்சு போல இறங்கிவிடும். வண்டி பட்டறைக்கு வந்து நான் மிதித்துப் பார்த்தால் கல் போல நிற்கும். ஐந்து மாதமாக எனக்கு விடை கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஐயா. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

அது டாக்டரின் மாமனார் ஓட்டிய கார். ஐம்பது வயது. என்ஜின் வெடித்துப்போய் உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை. வேறொரு காரின் என்ஜினை அதில் பொருத்தித் தரக் கேட்டார். என்ஜின் மாற்றுவது என்றால் ஒன்றைத் தூக்கிவிட்டு இன்னொன்றை இறக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புதியதன் கனம் வேறு. அதைத் தாங்கும் இடங்கள் வேறு. கியர் பெட்டி நீளமாக இருந்ததால் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை ஒரு சாண் வெட்டினோம். பழைய என்ஜின் புகையை இடப்பக்கம் விட்டது, புதியது வலப்பக்கம் விடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட வேலை செய்தது என் தங்கையின் கணவர். பள்ளி வேன் ஓட்டுபவர். விடுமுறை நாளில் வந்து கை கொடுப்பார். காருக்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்தவர் அவர்தான். என்ஜின் முதன்முதலாக உறுமிய அன்று, "பெரியம்மாவுக்கு வாலிப நெஞ்சு வச்சாச்சு மச்சான். இனிமே யாரு கையில நிப்பாங்க!" என்றார். நன்றாகச் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் மிதி இறங்க ஆரம்பித்தது. எண்ணெயை மாற்றினேன். ரப்பர்களை மாற்றினேன். டாக்டர் வண்டியை ஓட்டிப் போவார், மறு வாரம் திரும்பி வருவார். பயத்தில் உதடு வெளுத்திருக்கும்.

எங்கள் பட்டறையில் ஒரு விதி உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் ஆற வேண்டும், பிறகுதான் பானெட்டைத் திறப்போம். முன்பொரு முறை சூடாக இருந்த ரேடியேட்டர் மூடியைத் திறந்து என் முன்கை வெந்துபோனது. புண் ஆறியதும் கதவில் வெள்ளைப் பெயின்ட்டால் 'ஆறட்டும்' என்று எழுதி வைத்தேன். அந்த ஒரு சொல்தான் ஐந்து மாதம் என் கண்ணைக் கட்டியது.

அந்தக் கண்கட்டை அவிழ்த்தவர் டாக்டரே. ஒரு நாள் நல்ல மழையில் வந்து இறங்கினார். "மழையில மட்டும் நல்ல பிள்ளையா இருக்குதுப்பா. என் பேஷன்ட் மாதிரிதான். வீட்ல வலி வலின்னு துடிப்பாங்க, நாற்காலில உக்காந்ததும் வலி ஓடிடும்."

மழையில் வருவதில்லை. ஆறினால் வருவதில்லை. அப்படியென்றால் குறை சூட்டில் இருக்கிறது. அன்றைக்கு விதியை மீறி, சூடாக இருக்கும்போதே வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய், வலப்பக்கம், புதிய புகைக்குழாய்க்கு ஒரு விரல் இடைவெளியில் ஓடியது. அது நாங்கள் வைத்த குழாய் இல்லை, ஐம்பது வருடமாக அங்கேயே இருப்பது. நகர்த்தாத பொருளை யாரும் பார்ப்பதில்லை.

ஊசிக்குழலில் தண்ணீர் நிரப்பி முனையை அடைத்துவிட்டு அமுக்கிப் பாருங்கள். நகராது. உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தால் நகரும். பிரேக்கும் அவ்வளவுதான். எண்ணெய் கொதித்துக் குமிழி வந்தால் உங்கள் கால் குமிழியை அமுக்கும், சக்கரத்தை அல்ல. ஆறியதும் குமிழி மறுபடி எண்ணெய் ஆகிவிடும். தடயமே இருக்காது. எவ்வளவு அழகு பாருங்கள்.

குழாயை அப்போதே நகர்த்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் குறை வராத நாட்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன. நகர்த்திய பிறகு வரவில்லை என்றால், தீர்ந்ததால் வரவில்லையா, சும்மா வரவில்லையா? எனக்கு எப்படித் தெரியும்? நினைத்தபோது ஒரு குறையை வரவழைக்க முடிந்தால்தான் அது உங்களுக்குப் புரிந்தது என்று அர்த்தம்.

அதனால் மலைச்சாலையைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்பது வளைவு, முழுக்க இறக்கம், உச்சி வெயில். காற்று பட்டுக் குளிராதபடி குழாயின் முன்பக்கம் ஒரு தகரத்தைக் கட்டினேன். நீங்கள் எடுத்து வைத்திருப்பது அந்தத் தகரம்தான். தகரம் கட்ட ஹேண்ட் பிரேக் கம்பி இடைஞ்சலாக இருந்தது. கழற்றி வைத்தேன். மாலையில் மாட்டிவிடலாம் என்று இருந்தேன்.

மாப்பிள்ளை சுற்றி வந்து பார்த்தார். பள்ளிக் குழந்தைகளை ஏற்றிப் போகிறவர், எப்போதும் சுற்றி வந்து பார்ப்பார்.

"மச்சான், இறக்கத்துல மிதி போச்சுன்னா?"

"போகுதான்னு பாக்கத்தானே போறீங்க மாப்ள."

"ஹேண்ட் பிரேக் இருக்குல்ல?"

"லிவர் இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. லிவர் இருந்தது.

நாலாவது கியரிலேயே இறங்கச் சொன்னேன். சின்ன கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை இருக்காது. பிரேக்குக்கு வேலை இல்லாவிட்டால் சோதனையும் இல்லை. இன்னொன்று, டாக்டரும் அவர் மனைவியும் சேர்ந்து போன நாட்களில்தான் குறை அதிகம் வந்திருந்தது. இரண்டு பேர் எடை வேண்டும். பட்டறையில் மணல் மூட்டை இருந்தது. அதை இழுத்துக்கொண்டிருக்கும்போது என் தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள்.

"நான் உக்காந்துக்கறேண்ணே. மணல் மூட்டையை விட நான் என்ன மட்டமா?"

"மூட்டை வாயாடாது," என்றார் மாப்பிள்ளை.

"வாயாட ஆள் இருந்தாத்தான் உங்களுக்குப் பயம் போகும்."

அவள் நாற்பத்தெட்டு கிலோ. மூட்டை ஐம்பது. பெரிய வித்தியாசம் இல்லை. நோட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.

நான் ஏன் ஓட்டவில்லை என்று நேற்றே கேட்டீர்கள். யாராவது எழுத வேண்டும் என்று சொன்னேன். அது உண்மைதான். அதற்கு முந்தைய வாரம் இரண்டு முறை நானே வண்டியை உச்சிவரை ஓட்டிப் போயிருக்கிறேன் என்பதும் உண்மை. இரண்டு முறையும் முதல் வளைவு தெரிந்ததும் பயந்து பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டியை அங்கேயே மர நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரில் நடக்கும் வேகத்தில் இறங்கி வந்தேன். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே பயந்த மனிதர். மேலும் பயமுறுத்துவானேன்?

தங்கை போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபடியே வந்தாள். நான் அடிவாரத்தில், ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு தாண்டியாச்சுண்ணே. மிதி கல்லு மாதிரி இருக்காம்."

"சரி."

"நாலு. காத்து சூடா வருது."

"சரி."

"ஆறு. கொஞ்சம் மெத்துன்னு இருக்காம். நிறுத்திடவான்னு கேக்குறாரு."

"இன்னும் கொஞ்சம் பாக்கச் சொல்லு."

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் வண்டி நின்றிருக்கும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிச்சயம் நின்றிருக்கும். ஆனால் மெத்தென்று இருப்பது குறை இல்லை. அது குறைக்கு முந்தைய நிலை.

பிறகு அவள் குரல் மாறியது. "அண்ணே, மிதிக்கிறாரு, உள்ளயே போகுதுண்ணே, நிக்கல."

"எத்தனாவது வளைவு?"

"என்னது?"

"எத்தனாவது வளைவு பாப்பா?"

"ஏழு," என்றாள். பள்ளியில் கேள்வி கேட்டால் சொல்வாளே, அதே மாதிரி சொன்னாள். நான் எழுதினேன். அந்த ஏழு நடுங்காமல் எழுதப்பட்டிருக்கிறது என்று நீங்கள் நோட்டைக் காட்டிச் சொன்னீர்கள். எனக்கும் அது ஆச்சரியம்தான். மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மச்சான், ஹேண்ட் பிரேக் வெறுமனே வருது மச்சான்."

எட்டாவது வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது. மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது.

நான் மேலே ஏறிச் சரிவில் இறங்கிப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வண்டி பக்கவாட்டில் கிடந்தது. முன்கதவு பிய்ந்திருந்தது. ஊர்க்காரர் ஒருவர் என் தோளைப் பிடித்து, அந்தப் பக்கம் இருக்காங்க என்றார். நான் முதலில் இந்தப் பக்கம் குனிந்தேன். கையை உள்ளே விட்டுப் பிரேக் மிதியை அமுக்கினேன். வண்டி ஆறியிருந்தது. மிதி கல் போல நின்றது. அதன் பிறகுதான் அந்தப் பக்கம் போனேன்.

இங்கே வந்த அன்று உங்கள் ஏட்டு தண்ணீர் கொடுத்து, மனசு ஆறட்டும், அப்புறம் பேசலாம் என்றார். நல்ல மனிதர். வேண்டாம் என்றேன். ஆறிய பிறகு பார்த்தால் என்னிடம் எந்தக் குறையும் தெரியாது, ஐயா.

இரண்டு பேரையும் கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். என் ஒரே தங்கை. நான் எதற்குக் கொல்ல நினைப்பேன்? எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது தெரியும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் வேறு வண்டி வாங்கினாலும் இது உதவும். பிரேக் குழாயைப் புகைக்குழாயிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, நடுவில் ஒரு தகடு மாட்ட வேண்டும். மூன்று போல்ட், அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு மிதி இறங்காது.