டிரங்குப் பெட்டியில் அடைக்கோழி

— பாதி தெறந்து கெடக்குத மூடிய மெதுவாத் தூக்குலே தொர. கொத்திரும்.

— கொத்தட்டும்க்கா. எம்புட்டு முட்டை கெடக்கு பாரேன்! வயித்துக்கடியில வேற வெச்சிருக்கு.

— பதினொண்ணு இருக்கும்.

— எண்ணாமலே சொல்லுத?

— எல்லாம் ஒரு குத்துமதிப்புத்தான்.

— அப்பாவோட பட்டாளத்துப் பெட்டி. இந்தக் கம்பளியும் அவரு கொண்டாந்ததுதான். சரியா அதுமேல போயி ஒக்காந்திருக்கு. நெசமாவே கனா மாதிரி இருக்குக்கா.

— கனாவும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு. சோலியப் பாருலே. பத்தரைக்கு வில்லிபுத்தூர் பத்திர ஆபீசுல நிக்கணும்னியே. வீட்ட வாங்குத மனுசன் வந்து காத்துக் கெடப்பாரு.

— கெடக்கட்டும். செத்த நேரம் இரு. ஓட்டுச் சந்து வழியா வெயிலு வந்து அது முதுகுல விழுது பாரு. தூங்குதா, முழிச்சிருக்கான்னே தெரியல.

— அடைக்கோழி அப்படித்தாம்லே. கண்ணு தெறந்திருக்கும், நெனப்பு எங்கயோ கெடக்கும்.

— அம்மா செத்த பொறவு நீ கொண்டு போனியே, அந்தச் செவலைக் கோழிதான இது?

— அதேதான்.

— கண்மாய்க்கு அந்தப் பக்கம் உன் வீடு. கரையேறி, தார் ரோட்டத் தாண்டி, மில்லு பஸ்சுக்கெல்லாம் தப்பிச்சு, இங்கன வந்துல்ல முட்டையிட்டிருக்கு! நாயும் புடிக்கல, கீரியும் புடிக்கல. எப்படிக்கா?

— கோழி எங்க முட்டையிடும்னு யாரு கண்டா? எங்க தெரு மாரீஸ்வரி வீட்டுல ஹெல்மெட்டுக்குள்ள இடுது. அத எடுக்க மனசில்லாம வெறுந்தலையோட வண்டியில போயி, அவ புருசன் போலீஸ்ல மாட்டிக்கிட்டான்.

— சிரிக்காதக்கா. ஞாயித்துக்கெழம வீடு காட்ட வந்தப்ப இந்தப் பெட்டி மேல நின்னுச்சு. என்னையப் பாத்து நகரக்கூட இல்ல. அன்னையிலருந்து எனக்கு ஒறக்கமே இல்ல. கண்ணசந்தா கனா. கோழி முன்னால போகுது, நான் பின்னால போறேன். கண்மாயில தண்ணி இல்ல, முட்டையா ரொம்பிக் கெடக்கு. கால் வெக்க எடமில்ல. அக்கரையில அம்மா நின்னுக்கிட்டு, மெதுவா வாலே, மெதுவா வாலேங்கா.

— வேற என்ன சொன்னா?

— வேறொண்ணும் சொல்லல.

— என்ன சேல கட்டியிருந்தா?

— தெரியலக்கா. ஒரே வெளிச்சமா இருந்துச்சு.

— ம்.

— வீட்ட விக்காதன்னு அவதான் கோழிய அனுப்பி வெச்சாளோன்னு இருக்கு.

— போலே, கோட்டிக்காரப் பயலே! கோழி கிட்டயா சொல்லி அனுப்புவா?

— ஒரு கோழிக்கு இருக்குத பாசம் பெத்த மகன் எனக்கில்லாமப் போச்சே. நெசமாவே வித்துரலாமாக்கா?

— வித்துரு. பூட்டியே கெடந்தா கரையான் திங்கும். நீ ராஜபாளையத்துல இருக்கே, நான் அங்க கெடக்கேன். யாரு கூட்டிப் பெருக்க? உன் மக நர்சிங் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. அந்தச் சோலியப் பாரு.

— உனக்கு மனசே ஆடலியா?

— ஆடல.

— கல்லுக்கா நீ.

— ஆமா, கல்லுதான். கையெழுத்துப் போட்டுட்டு வந்து கோழியக் கூடையில தூக்கிட்டுப் போறேன். முட்டைய தவுட்டுல பொதிஞ்சு வெச்சா ஒடையாது.

— அடையில இருக்குறத எடம் மாத்துனா எந்திரிச்சுப் போயிருமேக்கா. அம்புட்டும் கூமுட்டையாப் போயிரும்.

— போனாப் போகுது.

— மச்சானுக்கு எம்மேல இன்னும் கோவந்தானா?

— பின்ன? என் மக இந்து பெரிய மனுசியான சடங்குல, மாமன் சீரு வாரதுக்கு முன்னாலயே பந்தி போட்டுட்டாகன்னு சபையில நீ கத்துன கத்து கொஞ்சமா? சீர வாசல்லயே எறக்கிப் போட்டுட்டுப் போயிட்டே. பொறந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னவுக. இன்னைக்குக் கையெழுத்துக்குன்னுதான் விட்டிருக்காக.

— தப்பு எம்மேலதாங்க்கா. பசியோட வந்தேன், புத்தி மழுங்கிப் போச்சு. ரெண்டு வருசங்கழிச்சு இன்னைக்குத்தான் நீ இங்க வாரே. இந்தக் கோழி நெனச்சா நெனச்ச நேரம் வருது.

— கெளம்பு, நேரமாகுது.

— இரு, இரு. இங்க பாரேன். தேங்காச் சிரட்டையில தண்ணி தெளிவாக் கெடக்கு. நொய்யரிசியும் கெடக்கு. சாவி எங்கிட்டதான இருக்கு? யாரு வந்து வெச்சா?

— அடுத்த வீட்டுத் தங்கபாய் வெச்சிருப்பா.

— அவ மக வீட்டுக்குப் போயி ஒரு மாசமாச்சு. அக்கா, என்னைய நிமிந்து பாரு. ஏன் அழுத?

— கொல்லைக் கதவுக் கொண்டி லொடலொடன்னு கெடக்குலே. குச்சியச் சந்துல விட்டு நெம்புனா தெறந்துக்கிடும்.

— அப்ப நீ வந்திருக்கே! கோழியத் தேடியா வந்தே?

— கோழி எங்கலே கண்மாயத் தாண்டும்? கொண்டு போன அன்னைக்கே மூணு நாள் கூடையப் போட்டுக் கவுத்து வெச்சேன். நாலாம் நாளு இந்த வீட்ட மறந்துட்டு, எங்க கட்டிலுக்கடியில சமத்தா முட்டையிட்டுச்சு. எனக்குத்தாம்லே மறக்கல.

— அக்கா...

— அடை ஒக்காருத வரைக்கும் தெனமும் மத்தியானம் நாந்தான் அத முந்தானைக்குள்ள பொதிஞ்சு இங்க தூக்கிட்டு வருவேன். உன் மச்சான் கேட்டா, கோழி பழைய வீட்டுக்கு ஓடிப்போச்சு, தேடிப் புடிச்சுட்டு வாரேன்னு சொல்லுவேன்.