பொடிக்கு அனுமதி

எனக்குக் கோபமே வராது என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வாள். உண்மைதான். எனக்கு எரிச்சல்தான் வரும். அதையும் விழுங்கிவிடுவேன்.

நான் முதுகெலும்பு அறுவை மருத்துவன். காயத்தைத் தைத்து மூடுவதற்கு முன் கிருமிக்கொல்லிப் பொடியை உள்ளேயே தூவிவிட்டால் அது பழுப்பது குறையும் என்று நம்பினேன். எங்கள் தலைமை மருத்துவர் நம்பவில்லை. ஊசியில் மருந்து போகிறதே, போதாதா என்பார். கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன். ஒருமுறை எல்லோர் முன்னாலும், "என்னப்பா, காயத்துக்குப் பவுடர் போட்டு அழகு பாக்கணுமா?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு ஒரு பேருந்து ஓட்டுநருக்குக் காயம் பழுத்தது. எலும்பில் பொருத்திய கம்பி, திருகாணி எல்லாவற்றையும் கழற்றவேண்டியதாயிற்று. அவர் மனைவி, "நாங்க என்ன தப்பு பண்ணோம் டாக்டர்?" என்று கேட்டார். தலைமை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். இதெல்லாம் சகஜம் என்றார். சொந்த வீட்டில் நடந்தால்தான் இவருக்கு உறைக்கும் என்று பட்டது.

தலைமை மருத்துவரின் மனைவிக்கு நெடுநாளாக இடுப்புவலி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அறுவைக்கு நான்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மேசையில் படுக்கும்போது, "நீ இருக்கும்போது எனக்கென்ன பயம், தம்பி" என்றார்.

அவ்வளவு நேர்த்தியாக நான் எந்த அறுவையும் செய்ததில்லை. பொடி தூவவில்லை. அனுமதி இல்லையே. ஓட்டுநரின் சீழைத் துடைத்த பஞ்சில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தேன். செவிலி நூல் எடுக்கத் திரும்பியபோது அதைக் காயத்துக்குள் ஒற்றி எடுத்தேன்.

அந்தச் செவிலி பார்த்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். பார்த்திருக்கலாம். நான் மறுக்கவில்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. திரும்பத் திரும்பத் திறந்து கழுவினேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. அடக்கம் முடிந்த கையோடு தலைமை மருத்துவர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. "அந்தப் பொடிய இனி எல்லாருக்கும் போடுப்பா. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார்.

இப்போது எங்கள் மருத்துவமனையில் எல்லோருக்கும் போடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்திலேயே அவர் தலையாட்டியிருந்தால், அக்காவை நான் காப்பாற்றியிருப்பேன்.