லைல் ஹௌகனுக்கு நான் செய்து கொடுத்த தோட்டாக்கள்

என் மேசை மேல் ஒரே சமயத்தில் ஒரு வெடிமருந்து டப்பாதான் இருக்கும். இரண்டாவதைத் திறக்க வேண்டுமானால் முதலாவதை மூடி அலமாரியில் வைத்த பிறகுதான். ரேடியோ ஓடாது, பீர் கிடையாது. வீட்டில் தோட்டா செய்கிறவன் அவசரக்காரனாக இருந்தால் என்றைக்காவது துப்பாக்கி அவன் முகத்திலேயே வெடிக்கும். நான் அவசரக்காரன் அல்ல, டெபுட்டி. ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

நீங்கள் வயோமிங்குக்குப் புதிது என்று உங்கள் ஷெரீஃப் அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவன் செய்த தோட்டாவை இன்னொருவன் சுடுவதில்லை. கூடப் பிறந்தவனாக இருந்தாலும் சரி. உள்ளே என்ன மருந்து, எவ்வளவு, எந்தக் குண்டு என்பது செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். லைலும் அப்படித்தான், தன் தோட்டாவைத் தானே செய்துகொண்டிருந்தான். பிறகு அவன் கண் கெட்டது. எதிர்மலையில் நிற்கும் எல்க் மானின் கொம்புக் கிளைகளை எண்ணிவிடுவான்; கைக்கு எட்டும் தராசின் முள் அவனுக்குத் தெரியாது. காலியான பித்தளைக் குப்பிகளை ஒரு காபி டப்பாவில் போட்டுக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தான்.

"டேய் ஆர்வில், உன் டூத் பிரஷ்ஷ வாயில வைன்னா வெக்க மாட்டேன். ஆனா உன் தோட்டாவ என் கன்னத்துக்குப் பக்கத்துல வெடிக்க விடப்போறேன். எவ்ளோ பெரிய முட்டாள் பாரு நான்."

"நீ முட்டாள்னு எனக்குத் தெரியும். வெர்னாவுக்குத் தெரியுமா?"

"அவ கல்யாணத்தன்னிக்கே கண்டுபிடிச்சிட்டா. வெளிய சொல்லல, அவ்ளோதான்."

மருந்தைக் கூட்டிப் போட்டிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். அது முரட்டுத்தனம். அவன் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கி. மருந்தில் நான் கை வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கவனமாக நிறுத்துப் போட்டேன். நான் யோசித்தது குண்டைப் பற்றி.

தொலைதூர வேட்டைக்கு இரண்டு குணமுள்ள குண்டு வேண்டும். காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போக வேண்டும். வேகம் குறைந்து போய்ச் சேர்ந்தாலும் உடம்புக்குள் பூப்போல விரிய வேண்டும். விரிந்தால் மிருகம் சில அடிகளில் விழுந்துவிடும், பெரிதாக ஒன்றும் அறியாது. போட்டிகளில் காகித இலக்கைச் சுடுகிறவர்களுக்கென்று வேறொரு குண்டு உண்டு. அதன் செம்புத் தோல் தடிமன். அது விரியாது. குத்தூசி போல உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடும். மிருகம் அதற்குப் பிறகு நடக்கும், நெடுநேரம் நடக்கும். இரண்டு குண்டுக்கும் நுனியில் ஒரே மாதிரி சிறு துளைதான். கண் நன்றாக இருப்பவனே ஏமாந்துபோவான்.

லைலுக்கு இரண்டாவதை வைத்துக் கொடுத்தேன். இலக்குப் பலகையில் சுட்டுப் பார்த்தபோது துளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. அவன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், வெர்னாவிடம் காட்ட வேண்டுமாம்.

ஏன் என்று கேட்பீர்கள். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எனக்கிருந்த தொந்தரவே அதுதான்.

சில வருடங்களுக்கு முன் நான் சுடக்கூடாத தூரத்தில் ஒரு ஆண் எல்க்கைச் சுட்டேன். குண்டு தாடையில் பட்டது. தாடை தொங்குவதை ஸ்கோப்பில் பார்த்தேன். அது காட்டுக்குள் போனது. குளிராக இருந்தது, பசியும் எடுத்தது, நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். குறி தவறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். இங்கே காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வருகிறவனோடு யாரும் முகாமில் சேர மாட்டார்கள், ஆலயத்திலும் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள். லைல் அந்த வழியாகப் போனபோது ரத்தத்தைப் பார்த்திருக்கிறான். ஞாயிறு ஆராதனைக்குக்கூட வராமல் அதைத் தேடிப்போய், தின்னவும் குடிக்கவும் முடியாமல் நின்றிருந்ததை முடித்துவைத்தான். அதன் கொம்பில் தன் அனுமதிச் சீட்டைக் கட்டினான்; ஒரு சீட்டுக்கு ஒரு மிருகம்தான். அந்த வருடத்து வேட்டை அவனுக்கு அதோடு தீர்ந்தது. இறைச்சியில் பாதியை என் கதவில் கொண்டுவந்து வைத்தான்.

"உனக்குத் தவறிப்போச்சுன்னு நெனச்சிட்ட. யாருக்கும் நடக்கும்டா. நல்ல கறி, சாப்பிடு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வெர்னாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆலய விருந்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பான். என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போவான். ஒருநாள் கோபத்தில் என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான் என்றே நினைக்கிறேன். அவன் என்னை மன்னித்துவிட்டு, மன்னித்ததையும் மறந்துவிட்டான். நியாயமாகச் சொல்லுங்கள், ஒரு மனிதனால் எவ்வளவுதான் பொறுக்க முடியும்.

நாங்கள் வேட்டைக்குப் போன அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் பனி கொட்டும் என்று வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். போன வசந்தத்தில்தான் லைலின் இதயத்தில் குழாய் வைத்திருந்தார்கள். மேட்டில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை வெர்னா என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பினாள். "அவரப் பாத்துக்குங்க ஆர்வில். நீங்க சொன்னாக் கேப்பாரு." நான் தலையாட்டினேன்.

வண்டியைச் சரிவின் விளிம்பில் நிறுத்தினோம். பள்ளத்துக்கு அப்பால் எல்க் நின்றது. அவன் தொப்பியைக் கழற்றி, வழக்கம்போல் உதட்டுக்குள் சிறிய ஜெபம் சொன்னான். பிறகு சுட்டான். அழகான குறி. எல்க் முதுகை வளைத்தது, நடந்து மரங்களுக்குள் போனது.

"பட்டுடுச்சு. ஏன் விழல?"

"பட்டுச்சு. ஆனா நடக்குது லைல்."

அவன் முகம் சுருங்கியது. கோட்டை எடுத்து மாட்டினான். நான் தடுப்பது போல ஒரு வார்த்தை சொன்னேன், உங்களிடம் பொய் சொல்லத் தேவையில்லை, அது வெறும் பேச்சு. அவன் போவான் என்று எனக்குத் தெரியும். காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு அவன் ஒருநாளும் திரும்பியதில்லை. குண்டைத் தேர்ந்தெடுத்ததே அதை வைத்துத்தான்.

நான் வண்டியில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனிடம் ஒரு வாக்கி டாக்கி, என்னிடம் ஒன்று. பள்ளத்தில் இறங்கி எதிர்ச்சரிவில் ஏறினான். நடுவில் இரண்டு முறை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பனி தொடங்கியது.

"ஆர்வில், ரத்தம் மூடிப்போச்சுடா. ஒண்ணும் தெரியல. உனக்குத் தெரியுதா?"

தெரிந்தது. பனி விட்டு விட்டுத்தான் பெய்தது. அவனுக்கு இடது கைப்பக்கம், கல்லெறியும் தூரத்தில், விழுந்த மரம் ஒன்றுக்குப் பின்னால் எல்க் கிடந்தது. தலை பின்னோக்கி மடங்கியிருந்தது. வெகுநேரமாக அசைவில்லை. செத்துவிட்டது.

"தெரியுது. மேல போய்க்கிட்டிருக்கு. முன்னங்கால இழுத்துக்கிட்டுப் போகுது, பாவம்."

"கடவுளே. எல்லாம் என்னாலதான். எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். பாறைக்கு மேல. கத்துது லைல், காத்து இந்தப் பக்கம் அடிக்குது, இங்க வரைக்கும் கேக்குது."

அவன் வலது பக்கம் ஏறினான். நடுநடுவே கேட்டான், நான் வழி சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆர்வில், நீ வீட்டுக்குப் போ, ரோடு மூடிடும், எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காத" என்றான். அதுதான் அவனுடைய கடைசி வார்த்தை. அப்போதுகூட எனக்கு உதவி செய்யாமல் இருக்க முடியவில்லை அவனால். நான் ஃபிளாஸ்க்கில் இருந்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, கீழே வந்து உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். தாமதம் என்று சொல்ல முடியாது; சாலை அப்படி இருந்தது.

பாறைக்குக் கீழே, முதுகை மலைக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே செத்திருந்தானாம். விபத்து என்று நீங்களே எழுதி மூடிவிட்டீர்கள். அப்படியே விட்டிருப்பேன். ஆனால் வெர்னா புதன்கிழமைதோறும் எனக்குச் சூப் கொண்டுவருகிறாள். கடைசிவரை கூட இருந்தவன் நான்தானாம். போன வாரம் லைலின் துப்பாக்கியையே என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். முடிந்துவிடும் என்று நினைத்தது முடியவில்லை. அவளுக்குச் சொல்லிவிடுங்கள், டெபுட்டி. இந்தப் புதன்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. கையைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைக் கேட்டாள், "அந்த ஜீவன அவர் கண்டுபிடிச்சாரா ஆர்வில்? அது துடிச்சிக்கிட்டிருக்கும்னு நெனச்சிக்கிட்டே போயிருக்க மாட்டாரே?"

கண்டுபிடித்துவிட்டான், நிம்மதியாகத்தான் போனான் என்று சொன்னேன். அவள் அழுதுவிட்டு எனக்கு நன்றி சொன்னாள். நான் இரக்கமில்லாதவன் என்று நீங்கள் எழுதுவதாக இருந்தால், அதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.