கதவிடுக்கில் ஒரு செருப்பு

இந்த அறையில் காற்று போதாது மேடம். மூன்று பேர் இருக்கிறோம். அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நல்லது. தொழில் பழக்கம், எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

மூடிய அறைப் பண்ணைகளுக்குக் குளிர், ஈரம், காற்று எல்லாவற்றையும் கணக்காக அமைத்துக் கொடுப்பது என் வேலை. ஜீயபுரத்தில் தில்லை நகர் பல் டாக்டர் ஒருவருக்கு அமைத்தேன். சுற்றிலும் வாழையும் நெல்லும் யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருக்க, நடுவில் நாங்கள் ஜன்னலே இல்லாமல் அறை கட்டி, ஏசி போட்டு, சாலட்டுக்கு இலை வளர்த்தோம். டாக்டர் அதைத் தின்று நான் பார்த்ததில்லை. அவருக்குத் தயிர்சாதம்தான்.

அங்கே வேலை செய்தவர் ராக்கம்மாள். வேலையில் குறை சொல்ல முடியாது, வாய்தான் கொஞ்சம் நீளம். “எங்க மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு பணிவிடை செஞ்சதில்லைங்க சார்” என்று செடிகளைக் காட்டிச் சிரிப்பார். அதையெல்லாம் மன்னித்துவிட்டேன். கதவு விஷயத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

செடி வேகமாக வளர உள்ளே கரியமில வாயு விடுவோம். செடிக்கு அது சாப்பாடு. அளவு மீறினால் மனிதருக்கு மயக்கம் வரும், பிறகு மூச்சு நிற்கும். கதவு சாத்தியதும் வாயு திறக்கும்படி அமைத்தது நான்தான். சும்மா சும்மா திறக்கிறார்களே என்று கதவின் உட்புறக் கைப்பிடியைக் கழற்றியதும் நான்தான். அதன்பின் உள்ளே இருப்பவருக்கு என் போன்தான் சாவி.

ராக்கம்மாள் என்ன செய்தார் தெரியுமா? வாசலில் கழற்றிய செருப்பில் ஒன்றைக் கதவிடுக்கில் செருகிவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார். கேட்டால், “மூச்சு முட்டுதுங்க. கொஞ்சம் காத்து வரட்டுமே” என்பார். காற்று வரும். கூடவே, அறையின் ஈரத்தைத் திரையில் காட்டும் என் கோடு கோணல்மாணலாகப் போகும். டாக்டர் தன் விருந்தாளிகளுக்குக் காட்டப் போவதே அந்தக் கோட்டைத்தான்.

விருந்தாளிகள் வருவதற்கு முதல் நாள் மதியம் போனபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை உருவி, ஜோடியோடு சேர்த்து ஓரமாக வைத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஸ்ரீரங்கத்துக்கு வந்து காபி சொன்னேன்.

போன் எச்சரிக்கை கொடுத்தது, அதன் சத்தத்தை நிறுத்தினேன். அறைக்குள் வைத்திருந்த கேமரா வழியாகப் போனில் பார்த்தேன், அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அதில் சத்தம் கேட்காது. ஒரு பொத்தானைத் தொட்டிருந்தால் திறந்திருக்கும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோடு அப்போதுதான் நேராகியிருந்தது. அவர் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். காபி நன்றாக இருந்தது.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செருப்பை எடுத்தேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் அமைப்பில் கோளாறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் மேடம். நீங்கள் வந்து கதவைத் திறக்கும்வரை உள்ளே ஒரு இலைகூட வாடவில்லை.