சவரிமுத்தைக் கடலில் விட்டோம்

"குதிலே! குதி! பாய்மரம் விழுது!"

கத்துவது தண்டல் கஸ்பார் அண்ணாச்சி. எங்கள் தோணியின் தலைவர். குரல் மட்டும் கேட்கிறது. ஆள் தெரியவில்லை. எங்கும் புகை. தோணியின் முன்முனையில், அணியத்தில் தீ. என் வலது கை எரிகிறது என்று நினைக்கிறேன். குனிந்து பார்த்தேன். எரியவில்லை. விரல்கள் சில இல்லை.

1971 டிசம்பர். போர் தொடங்கிய முதல் வாரம். கத்தியவார் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

முதலில் வானத்தில் விமானத்தின் உறுமல். பிறகு நீளமாக ஒரு சீழ்க்கை. கரையில் எண்ணெய்த் தொட்டி வெடித்தது. அடுத்த குண்டு கடலில் விழுந்தது, எங்களுக்குப் பக்கத்தில். அதன் சத்தம் எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது ஓடுகளின் சத்தம். தோணி நிறைய மங்களூர் ஓடு ஏற்றியிருந்தோம். அவ்வளவும் ஒரே நேரத்தில் உடைந்து பறந்தது. எங்களை வெட்டியது குண்டு இல்லை. நாங்கள் சுமந்து வந்த ஓடுதான்.

சமையல்காரன் ஜெரோம் அடுப்புப் பக்கம் இருந்தான். அந்தப் பக்கமே இப்போது இல்லை.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். ஊரில் உப்பு ஏற்றினோம். கொச்சியில் இறக்கினோம். மங்களூரில் ஓடு ஏற்றினோம். அங்கே இரண்டு பேர் அம்மை கண்டு இறங்கிவிட்டார்கள். மீதி ஐந்து பேர். கஸ்பார், ஜெரோம், லூர்து, சவரிமுத்து, நான். என் பெயர் சேவியர்.

ஐவரும் ஒரே சபை. ஊரில் அதற்குத் தோள் சபை என்று பெயர். கோயிலில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் மேல் கை வைத்து வாக்குக் கொடுத்துத்தான் சேர முடியும். சபைச் சகோதரன் மேல் வழக்குப் போடக் கூடாது. அவன் குடும்பத்தைப் பட்டினி போடக் கூடாது. அவன் செத்தால் தோள் கொடுத்துத் தூக்கி மண்ணில் வைக்க வேண்டும். யாருக்காகவும் அவனை வழியில் விடக் கூடாது.

இந்தக் கடைசி விதியை எங்களில் லூர்துதான் உயிராகப் பிடித்திருந்தான். அவன் அப்பா முத்துக் குளிக்கிறவர். ஒரு நாள் இறங்கினார். கயிறு மட்டும் மேலே வந்தது. காலிப் பெட்டியைத்தான் புதைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு லூர்துவோடு சேர்ந்து தோள் கொடுத்தவன் சவரிமுத்து. ஒரே தெரு. ஒரே நாளில் சபையில் சேர்ந்தவர்கள். ஒருவன் வீட்டில் மீன் வாங்கினால் மற்றவன் வீட்டில் குழம்பு கொதிக்கும்.

லூர்துதான் என்னைச் சாம்பானுக்குள் இழுத்துப் போட்டான். சாம்பான் என்பது தோணியோடு வருகிற சிறு படகு. சவரிமுத்து ஏற்கெனவே அதில் கிடந்தான். வயிற்றை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான். பாய்மரம் விழுந்தது. கஸ்பார் அண்ணாச்சியின் குரல் நின்றது. தோணி பின்பக்கமாக இறங்கியது. ஓட்டுப் பாரம். ரொம்ப நேரம் ஆகவில்லை.

கரைக்குப் போக முடியவில்லை. கரை முழுக்கத் தீ. கடல் வற்றுகிற நேரம். அந்த வளைகுடாவில் வற்றுநீர் ஆறு மாதிரி ஓடும். எங்களை வெளியே இழுத்தது. துடுப்பு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பிடிக்க ஆள் லூர்து ஒருவன்தான். சாம்பானின் பின்பலகையை ஓடு பிளந்திருந்தது. நான் இடது கையால் தண்ணீர் இறைக்கிறேன். இறைக்க இறைக்க வருகிறது.

சவரிமுத்து கொஞ்ச நேரம் பேசினான்.

"ஏலே லூர்து."

"பேசாதலே. கரை வந்துரும்."

"வராது. என்னத் தண்ணில போட்டுராதலே. ஊருக்குக் கொண்டு போயிரு."

"போட மாட்டம்லே. சத்தியமா போட மாட்டேன்."

வெயில் ஏறும் முன்னே செத்தான். லூர்து அழவில்லை. தன் சட்டையைக் கழற்றி அவன் முகத்தை மூடினான். மறுபடி துடுப்பை எடுத்தான். நான் செபம் சொல்ல வாய் திறந்தேன். பாதியில் மறந்துபோனது.

மதியம் தாண்டியிருக்கும். ஒரு குரல், அண்ணா என்று வடக்கத்திப் பேச்சில்.

"பாயி! பாயி!"

உடைந்த பலகை ஒன்று. அதன்மேல் ஒரு தலை. வேறு தோணிக்காரன். வடக்கே கச்சுப் பக்கத்து ஆள். காலையில் எங்களுக்கு அந்தப் பக்கம் நங்கூரம் போட்டிருந்தவர்களாக இருக்கலாம். ஒரு தோள் தொங்குகிறது. ஒரு கையால்தான் பலகையைப் பிடித்திருக்கிறான். அலை அடிக்கும் போதெல்லாம் தலை உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் வெளியே வரத் தாமதமாகிறது.

நான் சாம்பானின் விளிம்பைப் பார்த்தேன். தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. லூர்தும் அதைத்தான் பார்த்தான்.

"நான் எறங்கிக்கிடுதேன்" என்றேன்.

"எந்தக் கையால பிடிப்ப? செத்துப் போவலே."

அவன் இறங்க முடியாது. இறங்கினால் துடுப்பு போட ஆளில்லை. இறங்கக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். அவன் பெயரை நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

"பாயி!"

குரல் சிறுத்துவிட்டது.

லூர்து துடுப்பை வைத்தான். சவரிமுத்தின் நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டினான். இரண்டு முடிச்சு. மறுமுனையைப் பின்பலகையில் கட்டினான். "விடலலே. கூடத்தான் வார" என்றான். என்னிடம் இல்லை, சவரிமுத்திடம். இருவரும் சேர்ந்து இறக்கினோம். பிறகு அந்த ஆளை இழுத்துப் போட்டோம். குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தான். எங்களைப் பார்த்துக் கும்பிட முயன்றான். கை எழும்பவில்லை.

புதிதாகச் செத்த உடல் மிதக்காது. கீழே இறங்கும். கயிறு விறைத்தது. பிளந்த பின்பலகை தாழ்ந்தது. பிளவின் வழியாகத் தண்ணீர் கொட்டியது. நான் இறைத்தேன். முழங்கால் வரை வந்துவிட்டது.

"முங்குதுலே! லூர்து, முங்குது! கயித்த அறு!"

கத்தியது நான்.

அவன் திரும்பிப் பார்த்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். எடுத்தவன் அப்படியே இருக்கிறான். இன்றைக்கும் கண்ணை மூடினால் அப்படியே இருக்கிறான். பிறகு அறுத்தான். பழைய கயிறு. ஒரே இழுப்பில் போய்விட்டது. சாம்பான் நிமிர்ந்தது.

பொழுது சாயும் முன்பு ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கண்டது. பெரிய படகு. பத்துப் பேர் படுக்கலாம். அதன் தளத்தில் ஏறியதும் லூர்து அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தான். எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தான். அப்போதுதான் அழுதான்.

ஆஸ்பத்திரியில் எனக்கும் அந்த ஆளுக்கும் அடுத்தடுத்த கட்டில். பெயர் யாக்கூப். மூன்று பிள்ளைகள். மனைவி அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் லூர்துவின் காலைப் பிடித்தான். லூர்து காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

போர் முடிந்தது. ரயிலேறி ஊர் வந்தோம். தூத்துக்குடி ஸ்டேஷனில் சபையார் எல்லோரும் வந்திருந்தார்கள். சாவுக்குப் போடுகிற சபை உடை, வெள்ளை அங்கி, சிவப்புத் துப்பட்டா. சவப்பெட்டி இறங்கும் என்று நினைத்து வந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் சபை கூடியது. லூர்து எழுந்து நின்றான். ஒன்றையும் மறைக்கவில்லை. கயிறு கட்டியது, அறுத்தது, படகு வந்தது, படகில் இருந்த இடம், எல்லாம் சொன்னான். நான் கத்தியதை மட்டும் சொல்லவில்லை. அதை நான் எழுந்து சொன்னேன்.

ஒருவர், "விதி விதிதான். சகோதரன விட்டுட்டு வேத்தாள ஏத்துனது எப்படிச் சரியாகும்?" என்றார்.

சபையின் தலைவர், மூப்பர், அவரை உட்காரச் சொன்னார். "உசுரு கெடக்கையில விதியப் பாக்க முடியுமா அண்ணாச்சி? நம்ம ஆண்டவர் என்ன சொல்லியிருப்பார்?" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சவரிமுத்தின் மனைவி மரியதங்கம் எழுந்து வந்தாள். லூர்துவின் முன்னால் நின்றாள். கூடப் பிறந்த அண்ணனைப் போல அவனை நினைத்திருந்தவள்.

"அந்த மனுசன் பொழச்சுட்டாரா?"

"பொழச்சுட்டாரு."

"புள்ள இருக்கா?"

"மூணு."

"எனக்கும் மூணுதான்ணே."

அவள் முந்தானையால் வாயைப் பொத்தி எடுத்தாள்.

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமேன்னு நெனைக்காம இருக்கவும் முடியல. எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க. உங்களப் பாத்தா எனக்குக் கயிறுதான் தெரியும்."

மறுநாள் மூன்று காலிப் பெட்டிகள். சவரிமுத்தின் பெட்டிக்கு முதல் தோள் லூர்து கொடுக்க வேண்டும் என்று மூப்பர் சொன்னார். அவன் மாட்டேன் என்றான். சபையார் எல்லோருக்கும் பின்னால், தனியாக, கல்லறை வரை நடந்து வந்தான். வாசலில் அங்கியைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தான். "என்னால யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாதுலே" என்றான்.

பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. புதுத் துறைமுகம் வந்ததும் அங்கே மூட்டை தூக்கினான். கோயிலுக்கு வருவான். கடைசி வரிசையில் நிற்பான். மரியதங்கம் வெளியே போன பிறகுதான் அவன் போவான். அவள் பிள்ளைகள் தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவான். என்னோடு பேசுவான். தோணியைப் பற்றிப் பேச மாட்டான்.

எட்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. சபையில் புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். அதனால் சொல்கிறேன்.

போனது ஒரு தோணி. ஓடு முழுவதும். என் வலது கையில் மூன்று விரல்கள்.

போனவர்கள். தண்டல் கஸ்பார். உடல் கிடைக்கவில்லை. ஜெரோம். உடல் கிடைக்கவில்லை. சவரிமுத்து. உடல் கிடைத்தது. நாங்கள் விட்டோம்.

லூர்து. அவன் உயிரோடுதான் இருக்கிறான். அவனையும் இந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.