லட்டுக்குக் காரணம்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையிலிருந்த வயதான அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் லட்டுப் பெட்டியை நீட்டினார்.

“என்ன விசேஷம் ஆன்டி? பேரப்பிள்ளையா?”

“இல்லம்மா. எங்க வீட்டுக்காரரு ஒண்ணுக்குப் போயிட்டாரு!”

அந்தப் பெண்ணின் கை பெட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது.

“நெஞ்சு ரத்தக்குழாய்ல அடைப்புன்னு மருந்து ஏத்திப் படம் புடிச்சாங்க. வயசான உடம்பு, அந்த மருந்த கிட்னி தாங்கல. அப்புறம் ஒரு சொட்டு வரல. ரத்தத்த மெஷின்ல சுத்தம் பண்ணணும்னாரு டாக்டரு. இன்னிக்குக் காலையில பார்த்தா போத்தல் நெறைஞ்சிருக்கு! மெஷினே வேணாமாம்.”

“அப்ப ரெண்டா எடுத்துக்கறேன் ஆன்டி.”

“எடுத்துக்கோம்மா. கொல்லையில வாழ மரத்தடியில ஒண்ணுக்குப் போகாதீங்கன்னு எத்தன வருஷமா திட்டியிருப்பேன்! வீட்டுக்கு வரட்டும்லா. இன்னும் நாலு வாழக்கன்னு நட்டு வெக்கிறேன்.”